தள்ளிப்போன மூன்றாவது பாடம்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஊரில் கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, அதனால் வயிற்றுப் பொருமலுக்கு மருந்து கேட்டும் யாரும் வரவில்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது மருந்துக் கடைக்காரர் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். ஊருக்கு ஒரு பார்மசிஸ்ட் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்க வேண்டுமாம். ஆறு வகுப்பு. கருக்கம்பாளையத்துக்கு என் பெயரைப் போட்டுவிட்டாராம்.

"ஏனுங்க என்னையப் போட்டீங்க?" என்றேன்.

"மத்த ரெண்டு கடைக்காரங்களும் முடியாதுன்னுட்டாங்கம்மா" என்றார். மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் தேங்காய்க் களங்கள் அதிகம். தேங்காய் உடைத்துப் பருப்பெடுக்கும் வேலையில் யாராவது ஒருவர் கையை வெட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. என் கடைக்கு வரும் காயங்களில் பாதி சமையலறையைப் பூசிக்கொண்டுதான் வருகின்றன. திங்கட்கிழமை ஒரு வெட்டுக்காயம் காப்பித் தூளோடு வந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு தீக்காயம் இட்லி மாவோடு வந்தது. நேற்று வந்த காலில் மஞ்சள், சுண்ணாம்பு, விபூதி மூன்றும் இருந்தன, சூடம் ஏற்றாததுதான் பாக்கி.

வகுப்புக்குக் கல்யாண மண்டபத்தைக் கேட்டேன். மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி, "ஆடி பூராவும் சும்மாதானுங்க கெடக்குது, எடுத்துக்கோங்க. ஆனா பாத்திரம் தரமாட்டனுங்க" என்றார். முதலுதவிக்குப் பாத்திரம் எதற்கு என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சங்கத்தின் கையேட்டில் ஆறு பாடங்கள். வெட்டுக்காயம், தீக்காயம், வலிப்பு, தொண்டை அடைப்பு, பாம்புக்கடி, நெஞ்சை அழுத்தி உயிர் காப்பது. மூன்றாவதை இரண்டு முறை படித்தேன். பிறகு என் இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பெருமையாக இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் மருதாசலம் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அங்கே வந்தவர்களிடமெல்லாம் வகுப்பில் போண்டா உண்டு என்று சொல்லி வைத்திருக்கிறார். போண்டா இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த வகுப்புக்குப் போட்டே ஆக வேண்டும்.

முன் வரிசையில் பழனாத்தாள். தேங்காய்க் களத்தில் நாற்பது பேரை மேய்க்கும் மேஸ்திரி. அந்த அம்மாள் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ரத்தம் வந்தா காப்பித் தூள் வெக்கக் கூடாதுங்களா?"

"கூடாதுங்க."

"பில்டர்ல போடறதுங்களா, சும்மா கலக்குனா கரையுமே அதுங்களா?"

"ரெண்டுமே கூடாதுங்க. புண்ணு சீழ் வெச்சுக்கும்."

"சிக்கரி கலக்காததா இருந்தா?" என்றார் பின்னாலிருந்து டவுன் பஸ் கண்டக்டர் சென்னியப்பன். அவர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும், நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. சொல்லிவிட்டுப் பழகிப் பார்க்கச் சொன்னேன். அழுத்துவதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். திறந்து பார்க்காமல் இருப்பதுதான் நம் ஆட்களுக்கு ஆகாத காரியம். பழனாத்தாள் நாலாவது நிமிடத்தில், இல்லாத காயத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "நின்னுபோச்சாட்ட இருக்குதுங்க" என்றார்.

எல்லோருக்கும் ஒரு கையேடு கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 21, திங்கள்

களத்திலிருந்த காப்பித் தூள் டப்பாவைப் பழனாத்தாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். பதிலுக்கு என்னிடம் கட்டுத்துணி வாங்கிப் போனார்.

ஜூலை 23, புதன்

தீக்காயம். போண்டா உண்டு. நாற்பத்திரண்டு பேர்.

சுட்ட இடத்தில் இருபது நிமிடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், பற்பசை, மாவு, பேனா மை எதுவும் வேண்டாம் என்றேன். சென்னியப்பன் எழுந்து, "நம்மூருக்குத் தண்ணி அஞ்சு நாளைக்கு ஒருக்கா வருதுங்க. இருவது நிமிசம் ஊத்தறதுக்கு எங்கீங்க போறது?" என்றார். கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. அதை எழுதியவர் ஊரில் தினமும் தண்ணீர் வரும்போல. கீழே ஒரு அண்டாவை வைத்து அதே தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றலாம் என்றேன். அண்டாவுக்கு எல்லோரும் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் பாத்திர அறையைப் பூட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

ஜூலை 24, வியாழன்

நேற்று வகுப்பில் மூன்று முறை கொட்டாவி விட்டேன். இந்த மாத்திரையின் வேலை. இருபத்தெட்டு வருடமாகப் போடுகிறேன், கடைசியாக வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பது வருடம் வராதது இனிமேல் எங்கே வரப்போகிறது? இரவில் பாதி போதும். டாக்டரைக் கேட்கவில்லை. மருந்து விஷயத்தில் நான் என்ன ஒன்றும் தெரியாதவளா? வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, வீணாகக் கவலைப்படுவார்.

மாலையில் ஒருவர் வந்தார். பிரஷர் சரியாகிவிட்டது என்று தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டாராம். கால் மணி நேரம் நிற்க வைத்துத் திட்டி அனுப்பினேன்.

ஜூலை 26, சனி

நாளைக்கு மூன்றாவது பாடம், வலிப்பு.

எனக்கு அது இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியும், கோயமுத்தூரில் படிக்கும் எங்கள் பையனுக்குத் தெரியும். கருக்கம்பாளையத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. பதினெட்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். மருந்து எடுத்துக் கொடுக்கிற கை இது. இந்தக் கை எப்போது இழுத்துக்கொள்ளுமோ என்ற நினைப்பு வந்துவிட்டால் யார் என்னிடம் வந்து வாங்குவார்கள்? நான் இந்தப் பாடத்தை எடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

பாடத்தின் பெயரைக்கூட நான் முழுசாகச் சொல்லவில்லை. ஈஸ்வரமூர்த்தி இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். முப்பத்தெட்டுச் சாவிகள்.

"வலிப்புங்களா? அது எனக்குத் தெரியுமுங்க. இந்த மண்டபத்துல இருவது வருசத்துல ஏழு பேருக்கு வந்துருக்குது. ஏழு பேரு கையிலயும் இதத்தான் குடுத்தேன். ரெண்டே நிமிசம், நின்னுபோச்சு."

சாவி கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயெடுப்பதற்குள் சிவபாக்கியம் பேசிவிட்டார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மாதம் தவறாமல் என்னிடம் சர்க்கரை மாத்திரை வாங்குபவர். கெட்ட மனசுக்காரர் அல்ல.

"பாவந்தானுங்க. ஆனா அப்புடிப்பட்டவங்கள நம்பி ஒரு வேலையக் குடுக்க முடியுமுங்களா? எந்நேரம் என்ன ஆகுமோன்னு நம்மளே பாத்துட்டு உக்காந்துருக்கோணும்."

நாலு பேர் தலையாட்டினார்கள். "இன்னைக்குப் பாம்புக்கடி எடுக்கறனுங்க" என்றேன்.

பாம்புக்கடி நன்றாகவே போனது. கடித்த இடத்தைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, காலை ஆட்டாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பாம்பைப் பிடித்து எடுத்துப் போக வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். டாக்டருக்கு ஒரு நோயாளி போதும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஜூலை 30, புதன்

தொண்டை அடைப்பு. பாடத்துக்கு முன்பே போண்டாவைக் கொடுத்தது என் தவறு. நான் பேசப் பேச ஒருவரும் விழுங்கவில்லை. வாயில் போண்டாவோடு நாற்பது பேர் என்னையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஐந்து அடி. போகவில்லை என்றால் பின்னால் நின்று கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளே தள்ளி மேலே தூக்குவது. பழகும்போது பழனாத்தாள் கொடுத்த அடியில் சென்னியப்பனின் சட்டைப் பையிலிருந்து டிக்கெட் கட்டு தெறித்து விழுந்தது. மெதுவாகத் தட்டினால் போதும், இது பழக்கம்தான் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

"மூணாவது பாடம் எப்பங்க?" என்று போகும்போது பழனாத்தாள் கேட்டார். கடைசியில் என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று முழுக்க இதே பேச்சு! காலை ஏழரை டவுன் பஸ்ஸில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஒருவருக்கு அடைத்துக்கொண்டது. பேச்சு இல்லை, இருமல் இல்லை. சென்னியப்பன் விசிலை அடித்து வண்டியை நிறுத்தி, அவரைக் குனிய வைத்து முதுகில் அடித்திருக்கிறார். நாலாவது அடியில் முறுக்கு வெளியே வந்து முன் சீட்டுக்காரரின் சொட்டைத் தலையில் விழுந்திருக்கிறது. பிழைத்தவர் மனைவி, "அதுக்குன்னு இப்புடியா அடிப்பீங்க?" என்று சண்டை. பிழைத்தவர் சென்னியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

மத்தியானம் சென்னியப்பன் கடைக்கு வந்து நின்றார். எதுவும் வாங்கவில்லை. "டிக்கெட்டே கிழிக்க முடியலீங்கக்கா" என்றார். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இந்தச் சந்தோஷத்துக்கு இன்னும் அறுபது வகுப்பு எடுப்பேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு, வகுப்பு இல்லை. கொடுமுடி போய் வந்தோம். ஆற்றில் தண்ணீரைவிட ஆள் அதிகம். நேற்றும் இன்றும் தூக்கம் சரியில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் காப்பி டம்ளர் கையிலிருந்து துள்ளி விழுந்தது. கை ஈரமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

இது வசந்தாமணியின் நோட்டு. எழுதுவது மருதாசலம். இன்று மாலை 4.50க்கு மண்டபத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. போன் வந்து நான் போய்ச் சேருவதற்குள் நின்றுவிட்டது. தலையில் அடி இல்லை. நாக்கில் சிறிய கடி. மூச்சு சீராக இருக்கிறது. இப்போது தூங்குகிறாள்.

மாத்திரை டப்பாவில் ஒரு மாத்திரை பாதியாக உடைந்து கிடக்கிறது. அட்டையில் இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டியவை தீரவில்லை. நாளைக்குக் கேட்கிறேன். இப்போது கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி. நாக்கு எரிகிறது. நேற்று எனக்கு என்ன நடந்தது என்பதை மற்றவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உயிர் காக்கும் பாடத்துக்காக ஜமுக்காளத்தில் முழங்காலிட்டு, தலையணையை நெஞ்சாக வைத்து அழுத்திக்கொண்டு, முப்பது வரை எண்ண வேண்டியதைச் சத்தமாக எண்ணினேன். பதினேழு வரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு மணமகள் அறையின் மின்விசிறிதான்.

காலையில் பழனாத்தாள், சென்னியப்பன், ஈஸ்வரமூர்த்தி என்று மூன்று சாட்சிகளும் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேரும் மூன்று கதை சொன்னார்கள்.

பதினெட்டு என்ற எண்ணை நான் மறந்துவிட்டதாக முதலில் எல்லோரும் நினைத்தார்களாம். சென்னியப்பன் எடுத்துக்கூடக் கொடுத்தாராம். பிறகுதான் நான் சாய்ந்திருக்கிறேன். சிவபாக்கியம், "தண்ணி தெளிங்க, தண்ணி தெளிங்க" என்று கத்தியிருக்கிறார். அதைவிடப் பெரிய சத்தமாகப் பழனாத்தாள், "ஆரும் கையக் காலப் புடிக்கக் கூடாது! வாயில ஒன்னும் வெக்கக் கூடாது!" என்று களத்துக் குரலில் அதட்டியிருக்கிறார். என் கண்ணாடியைக் கழற்றி, பெஞ்சை இழுத்துத் தள்ளி, தோளில் கிடந்த துண்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தது அவர்தான்.

சென்னியப்பன் விசில் அடித்திருக்கிறார். "முன்னால போங்க, முன்னால போங்க, படியில நிக்காதீங்க!" என்று மொத்தக் கூட்டத்தையும் வாசல் பக்கம் தள்ளிவிட்டு, செல்போனில் நேரம் பார்த்திருக்கிறார்.

"ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டுங்க."

"மூணு இருக்குமுங்க. நீ விசிலடிச்சுட்டு லேட்டாத்தான பாக்க ஆரமிச்ச?" என்றார் பழனாத்தாள்.

ஈஸ்வரமூர்த்தி சாவிக்கொத்தோடு ஓடி வந்திருக்கிறார். இரண்டு பெண்கள் அவர் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டார்களாம். "சாவிய உடலீங்க. ஆனா நான் பக்கத்துல வந்ததுக்குப் பொறகுதான நின்னுது? காத்துப் பட்டிருக்குமுங்க" என்றார் இன்று காலையிலும்.

நின்ற பிறகு என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். பிறகு அதே சாவிக்கொத்தில் ஒரு சாவியால் மணமகள் அறையைத் திறந்து, ஜமுக்காளத்தோடு தூக்கிப் போயிருக்கிறார்கள். நான் தெளிவாகப் பேசும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. "உங்க பேரென்னுங்க?" என்று பழனாத்தாள் கேட்டதற்கு நான் "முப்பது" என்றேனாம். பேரைச் சொல்ல இன்னும் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது.

"நாந்தான் அந்தப் பாடமே எடுக்கலியே. இதெல்லாம் உங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றேன்.

பழனாத்தாள் சிரித்தார். "நீங்க அத மட்டும் தாவித் தாவிப் போனீங்கல்ல? அதுல அப்புடி என்னதான் இருக்குதுன்னு எல்லாரும் மொதல்ல அதத்தான் படிச்சோமுங்க. எனக்கு எழுத்துக் கூட்ட வராது, என்ற மருமவ மூணு தடவ படிச்சுக் காட்டுனா."

அவர்கள் போன பிறகு மதிப்பெண் போட்டேன். வாத்தியார் புத்தி. பழனாத்தாளுக்குப் பத்துக்குப் பத்து. சென்னியப்பனுக்கு ஒன்பது, காதுக்குப் பக்கத்தில் விசில் அடித்ததற்கு ஒன்று குறைவு. ஈஸ்வரமூர்த்திக்கு நாலு, அறையைத் திறந்ததற்கு மேலும் மூன்று.

எனக்குப் பூஜ்யம். மத்தியானம் வீட்டுக்காரர் மாத்திரை டப்பாவைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"காயிலுக்கு நூறு சுத்துச் சுத்தோணும். அம்பது சுத்துனா மோட்டார் ஓடுமா?"

"ஓடும்" என்றேன், முறைப்பாக.

"எத்தன நாளைக்கு?"

 அவருக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை. குரல் உடைந்திருந்தது. அவர் எதிரிலேயே டாக்டருக்குப் போன் செய்தேன். ஊரில் நான் எல்லோரையும் திட்டும் அத்தனை திட்டும் எனக்கு ஒரே தவணையில் கிடைத்தது. இன்று இரவு முழு மாத்திரை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடை திறந்தேன். காலை முழுவதும் நாலு பேர். இரண்டு பேர் வாசல்வரை வந்து, என்னைப் பார்த்துவிட்டு, எதையோ மறந்தவர்கள் போல அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள்.

பதினோரு மணிக்குச் சிவபாக்கியம் வந்தார். "ஒடம்பு இப்ப பரவால்லீங்களா கண்ணு?" என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணனக் கூப்புட்டு ஒருக்கா செரிதானான்னு பாக்கச் சொல்லுங்களே."

மோட்டார் காயில் கட்டுகிறவர் சர்க்கரை மாத்திரையைச் சரிபார்க்க வேண்டுமாம். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "அவரு படிச்சது ஐடிஐங்க. நான்தான் மருந்துக்குப் படிச்சவ" என்றேன். அவர் மாத்திரையை வாங்காமலே போய்விட்டார்.

உள்ளே போய் அழுதேன். இதைத்தான் இருபத்தெட்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். பயந்தது அப்படியே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகப் போவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போண்டாவுக்கு ஆள் சொல்லியாச்சு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனேன்.

அறுபத்தாறு பேர். இருப்பதிலேயே பெரிய கூட்டம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர், கற்றுக்கொள்ள வந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொண்டே மேடை ஏறினேன். பின்னால் தூண் ஓரம் சிவபாக்கியம்கூட இருந்தார். 

மைக்கைப் பிடித்தேன். எழுதி வைத்திருந்த முன்னுரையைப் படிக்கவில்லை. "எனக்கு வலிப்பு நோய் இருக்குதுங்க" என்றேன். "பத்தொம்பது வயசுல வந்துது. மாத்திர சாப்புட்டா வராது. நானா அதப் பாதியாக் கொறச்சேன், அதனால போன புதன்கெழம வந்துது. உங்கள்ல யாராவது மாத்திரயக் கொறச்சுட்டு வந்தா நான் எப்புடித் திட்டுவேன்னு உங்களுக்குத் தெரியும். இப்ப நீங்க திட்டலாம்."

ஒருவரும் திட்டவில்லை. சென்னியப்பன், "கொஞ்சம் டைம் குடுங்கக்கா, யோசிச்சுத் திட்டறோம்" என்றார். மண்டபமே சிரித்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஜமுக்காளத்தில் நானே படுத்துக்கொண்டேன். எட்டு எட்டுப் பேராக வந்து என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பழகினார்கள். தலைக்குத் துணி, பக்கத்தில் இருப்பதை ஒதுக்குவது, நேரம் பார்ப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இழுக்கும் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்காதே. வாயில் தண்ணீர், துணி, கரண்டி, எதுவும் வேண்டாம். கூட்டத்தைக் கலைத்துவிட்டு, வலிப்பு வந்தவர் தெளியும்வரை ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். என்னைப் புரட்டிப் புரட்டி இடுப்பு போய்விட்டது.

கடைசியில் ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். "அப்ப அந்த ஏழு பேருக்கும்?"

"தானாத்தான் நின்னுருக்குமுங்க."

சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் வாடிவிட்டது. "அப்ப இருவது வருசமா நான் ஒன்னுமே பண்ணலீங்களா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏழு தடவையும் நீங்க ஓடி வந்தீங்கல்ல? மத்தவங்கெல்லாம் அந்தப் பக்கம் ஓடியிருப்பாங்க. ஓடி வர்றத உட்றாதீங்க, சாவிய மட்டும் இடுப்புலயே வெச்சுக்கோங்க" என்றேன். "அதுஞ் செரிதானுங்க" என்று உட்கார்ந்தார். அவர் தோளைப் பழனாத்தாள் தட்டிக் கொடுத்தார். அது தட்டலா, தொண்டை அடைப்புக்கான அடியா என்று தெரியவில்லை.

சிவபாக்கியம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. முறை வந்தபோது வந்து என்னைப் புரட்டினார். கை மென்மையாக இருந்தது. ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடைக்கு வரும் கூட்டம் பாதி திரும்பி வந்திருக்கிறது. சிவபாக்கியம் இன்னும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று எழுத ஆசைதான், மனசு கேட்கவில்லை. பையன் போன் செய்தான். "அம்மா, ஊர் பூராத் தெரிஞ்சுபோச்சாமே" என்றான். "ஆமாண்டா, நானே மைக்குல சொன்னேன்" என்றேன்.  "மைக் வெச்சா சொன்ன?" என்று சிரிக்க ஆரம்பித்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. மண்டபம் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து வயிற்றுப் பொருமல் மருந்துக்கு வரிசை.

வரிசை குறையட்டும் என்று ஒரு பெண்மணி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பின் பார்த்த முகம் இல்லை. கடையில் ஆள் ஒழிந்ததும் டாக்டர் சீட்டை எடுத்து, நாலாக மடித்ததைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். நான் போடும் அதே மாத்திரை, மூன்று மாதத்துக்கு.

"எந்த ஊருங்க?"

பல்லடம் பக்கம் ஒரு ஊரைச் சொன்னார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "எங்கூர்லயே நாலு கடை இருக்குதுங்க. ஆனா அங்க வாங்குனா..." என்று நிறுத்திக்கொண்டார். 

"ஆருக்குங்க?"

"தெரிஞ்சவங்க புள்ளைக்குங்க."

மாத்திரையை எடுத்து வைத்தேன். எத்தனை மணிக்கு, எப்படி என்று சொன்னேன். ஒருநாள்கூட விடக் கூடாது என்றேன். பிறகு, "இருவத்தெட்டு வருசமா நானும் இதத்தான் சாப்புடறனுங்க" என்றேன். இப்போதெல்லாம் இதைச் சொல்வது முன்னைப் போலக் கஷ்டமாக இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த என் லைசென்ஸைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"நீங்களாங்க?"

"ஆமாங்க."

"இது உங்க கடைங்களா?"

"என்றதுதானுங்க. பதினெட்டு வருசமாச்சு."

"கண்ணாலம்...?"

"ஆச்சுங்க. அவர்கிட்டச் சொல்லித்தான் கட்டிக்கிட்டேன். பையன் காலேஜ் படிக்கறான்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், எதிர்ப்பக்க பஸ் நிழற்குடையைப் பார்த்துக் கையை ஆட்டினார். அங்கே சுரிதார் போட்ட ஒரு பெண் தூணுக்குப் பின்னால், யாரோடும் சம்பந்தமில்லாதவள் போல நின்றுகொண்டிருந்தாள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும்.

"கண்ணு, நீயும் இங்க வா!" என்று அந்த அம்மாள் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். "இந்தக்கா உன்னையப் பாக்கோணுமாம்!"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தப் பெண் தூணை விட்டு வெளியே வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரோட்டைக் கடந்து வந்தாள்.